டி டிரைவ் உள்ளே வந்ததா? வீட்டுக் கணினியில் பேக்கப் அமைக்கும் முறை

என் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தஞ்சை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கோயிலின் கல்வெட்டுகளைப் பத்து ஆண்டுகளாகப் படியெடுத்து, ஒவ்வொன்றையும் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். 2021-இல் அவருக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்தேன். விண்டோஸுடனேயே வருகிற ‘ஃபைல் ஹிஸ்டரி’ என்ற பேக்கப் மென்பொருளை, அதாவது கோப்புகளுக்குத் தனியே நகல் எடுத்து வைக்கும் மென்பொருளை, நான்தான் இயக்கி வைத்தேன். “இனிக் கவலை இல்லை பெரியப்பா” என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினேன்.

2023 நவம்பரில் அவருடைய கணினிக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. புது டிஸ்க் போட்டு, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டேன். டெஸ்க்டாப்பில் கிடந்த மின்கட்டண ரசீதுகள் வந்தன. ஓய்வூதியப் படிவங்கள் வந்தன. கல்வெட்டுக் குறிப்புகள் வரவில்லை. அவை டி டிரைவில் இருந்தன. டி டிரைவைச் சேர்க்கும்படி அந்த மென்பொருளுக்கு நான் சொல்லவே இல்லை.

தரவு மீட்கும் கடை ஒன்றில் கொடுத்து, கணிசமான பணம் செலவழித்து, பாதிக்குச் சற்று மேல் திரும்பப் பெற்றோம். கோப்புகளின் பெயர்கள் போய்விட்டன, வெறும் எண்களாக வந்தன. எது எந்தச் சுவர்க் கல்வெட்டு என்று பெரியப்பா ஒவ்வொன்றாகத் திறந்து அடையாளம் காண மூன்று மாதம் ஆயிற்று.

அவர் வீட்டில் நான் செய்யத் தவறியதை உங்கள் வீட்டில் நீங்கள் தவறாமல் செய்வதற்காகவே இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இருக்கும் ஃபைல் ஹிஸ்டரியை எடுத்துக்கொள்கிறேன். தனியாகப் பணம் கட்ட வேண்டாம், எதையும் தரவிறக்க வேண்டாம். நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸ் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால், பொத்தான்களின் பெயர்களை ஒலிப்பு அப்படியே இருக்கும்படி தருகிறேன்.

டி டிரைவ் பேக்கப் ஆகாது

நம் ஊரில் பாகங்களைச் சேர்த்துக் கணினி அமைத்துத் தருகிற கடைக்காரர், ஒரே ஹார்ட் டிஸ்க்கை சி, டி, சில நேரம் ஈ என்று பிரித்துக் கொடுப்பார். “சி-யில் எதையும் வைக்காதீர்கள், ஃபார்மட் செய்தால் போய்விடும், எல்லாம் டி-யில் போடுங்கள்” என்றும் சொல்லிவிடுவார். விண்டோஸ் அடிக்கடி கெட்டுப்போய், மறுபடி மறுபடி நிறுவிய காலத்தில் அது நல்ல அறிவுரைதான். அதனால்தான் நம் வீடுகளில் கல்யாணப் புகைப்படங்களும், பட்டா, வில்லங்கச் சான்று ஸ்கேன்களும், பிள்ளைகளின் சான்றிதழ்களும் டி டிரைவில் குவிந்து கிடக்கின்றன.

ஆனால் சி-யும் டி-யும் ஒரே பெட்டியின் இரண்டு அறைகள். பெட்டி எரிந்தால் இரண்டும் எரியும். சி-யில் இருப்பதை டி-யில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். டிஸ்க் பழுதானால் அசலும் நகலும் ஒன்றாகப் போகும்.

இன்னொரு சிக்கல்தான் பெரியப்பா வீட்டில் நடந்தது. ஃபைல் ஹிஸ்டரி தானாக எடுப்பது, விண்டோஸ் ‘லைப்ரரி’ என்று அழைக்கும் தொகுப்புகளை. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் ஆகியவை அவை. கூடவே டெஸ்க்டாப், தொடர்புகள், ஃபேவரிட்ஸ் ஆகியவற்றையும் எடுக்கும். இவை எல்லாம் வழக்கமாக சி டிரைவில் உங்கள் பெயரில் இருக்கும் கோப்புறைக்குள் இருப்பவை. டி டிரைவில் நீங்களாக உருவாக்கிய ‘குடும்பம்’ என்ற கோப்புறை அதன் கண்ணுக்குத் தெரியாது. அது எந்த எச்சரிக்கையும் தராது. எல்லாம் சரியாக நடக்கிறது என்றே திரையில் காட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே, மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணினி இன்றே போய்விட்டால் எதற்காக அழுவீர்கள் என்று யோசித்து, அவை எங்கே இருக்கின்றன என்று எழுதுங்கள். வீட்டில் கணினியைத் தொடுகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அம்மா சமையல் குறிப்புகளை எங்கே சேமிக்கிறார், மகள் கல்லூரிப் புராஜெக்ட்டை எங்கே வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அரை மணி நேரம் ஆகும். இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான அரை மணி நேரம் அதுதான்.

டிஸ்க் வாங்கும்போது

எழுதிய கோப்புறைகள் ஒவ்வொன்றின் மீதும் வலது சொடுக்கு செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்தால் அளவு தெரியும். எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஒரு கோப்பின் பழைய வடிவங்களையும் ஃபைல் ஹிஸ்டரி சேர்த்து வைப்பதால், கூட்டுத்தொகையைப் போல் இரண்டு மடங்காவது இடம் வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு ஒரு டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் தாராளம். பென் டிரைவ் வேண்டாம். அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துப்போவதற்கான பொருள், ஆண்டுக்கணக்கில் சேமித்து வைப்பதற்கு நம்ப முடியாதது.

புது டிஸ்க்கைச் செருகியதும், அதன் மீது வலது சொடுக்கு செய்து ‘ஃபார்மட்’ கொடுத்து, ‘ஃபைல் சிஸ்டம்’ என்ற இடத்தில் என்.டி.எஃப்.எஸ். தேர்ந்தெடுங்கள். ஃபார்மட் செய்தால் அந்த டிஸ்க்கில் இருப்பது எல்லாம் அழியும். எனவே புது டிஸ்க்கில் மட்டும், சரியான டிரைவ்தானா என்று இருமுறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பெயர் கேட்கும் இடத்தில் ‘வீட்டுப் பேக்கப்’ என்று தமிழிலேயே கொடுக்கலாம். பெயரைப் பார்த்ததும் இதில் வேறு எதையும் போடக்கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் புரியும். சினிமாக்களைக் கொண்டுவந்து நிரப்பிவிட்டால் பேக்கப்புக்கு இடம் இருக்காது.

டி டிரைவை லைப்ரரியில் சேர்த்தல்

இப்போது தாளில் எழுதியதைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து டி டிரைவுக்குப் போங்கள். ‘குடும்பம்’ கோப்புறை மீது வலது சொடுக்கு செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் முதலில் ஒரு சிறு பட்டியல்தான் வரும். அதன் கடைசியில் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ இருக்கும், அதை அழுத்தினால் பெரிய பட்டியல் விரியும். அதில் ‘இன்க்ளூட் இன் லைப்ரரி’ என்பதன் மீது சுட்டியை வைத்தால் பக்கத்தில் லைப்ரரிகளின் பெயர்கள் தெரியும். ‘கிரியேட் நியூ லைப்ரரி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கோப்புறையின் பெயரிலேயே ஒரு லைப்ரரி உருவாகிவிடும்.

கோப்புறை எங்கும் நகராது. டி டிரைவில் இருந்த இடத்திலேயே இருக்கும். லைப்ரரி என்பது, இதுவும் நம்முடையது என்று விண்டோஸின் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுவது போன்றது, அவ்வளவுதான். தாளில் உள்ள ஒவ்வொரு கோப்புறைக்கும் இதைச் செய்யுங்கள். டி டிரைவில் எந்தக் கோப்புறைக்குள்ளும் வைக்காமல் கோப்புகளை அப்படி அப்படியே போட்டு வைத்திருந்தால், முதலில் ஒரு கோப்புறை உருவாக்கி அவற்றை அதற்குள் நகர்த்திவிடுங்கள்.

சேர்ந்துவிட்டதா என்று பார்க்க, எக்ஸ்புளோரரின் இடப்பக்கப் பட்டியலில் காலியான இடத்தில் வலது சொடுக்கு செய்து ‘ஷோ லைப்ரரீஸ்’ என்பதை அழுத்துங்கள். விண்டோஸ் 10-இல் அது மேலே ‘வியூ’ பட்டையில் ‘நேவிகேஷன் பேன்’ பொத்தானுக்குள் இருக்கும். இடப்பக்கம் லைப்ரரிகளின் வரிசை தோன்றும். நீங்கள் சேர்த்த பெயர்கள் அங்கே இருக்க வேண்டும்.

எழுத்துருக்களை மறக்காதீர்கள்

ஒருங்குறி (யூனிகோட்) வருவதற்கு முன்பு பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் உங்களிடம் இருந்தால், கோப்பு மட்டும் பிழைத்தால் போதாது. பெரியப்பாவின் பழைய குறிப்புகள் பாமினியில் இருந்தன. மீட்டெடுத்த கோப்பைப் புதுக் கணினியில் திறந்தபோது திரை நிறைய ஆங்கில எழுத்துகள். புள்ளி வைத்த மெய்யெழுத்து வர வேண்டிய இடமெல்லாம் ஓர் அரைப்புள்ளி. எழுபத்து மூன்று வயது மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். கோப்பு முழுதாகத்தான் இருந்தது. அதைத் தமிழாகக் காட்டுகிற எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை, அவ்வளவே. ஆனால் அந்த நிமிடம் அவர் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டியதில்லை.

எழுத்துருக்கள் சி டிரைவில் ‘விண்டோஸ்’ கோப்புறைக்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்ற இடத்தில் இருக்கும். அந்த இடத்தை ஃபைல் ஹிஸ்டரி எடுக்காது. நீங்கள் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருக்களை அங்கிருந்து நகலெடுத்து, டாக்குமென்ட்ஸுக்குள் ‘எழுத்துருக்கள்’ என்ற கோப்புறையில் ஒட்டிவிடுங்கள். டி.டி.பி. வேலை செய்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

டேலியில் கடைக்கணக்கு எழுதுகிறவர்கள் அதிலேயே இருக்கும் பேக்கப் வசதியைப் பயன்படுத்தி, அது தரும் கோப்பை லைப்ரரியில் சேர்ந்த கோப்புறை ஒன்றில் சேமியுங்கள். கணக்கு திறந்திருக்கும்போது அதன் தரவை வெளியிலிருந்து நகலெடுப்பதைவிட அதுவே பாதுகாப்பானது.

ஃபைல் ஹிஸ்டரியை இயக்குதல்

வெளி டிஸ்க் செருகியிருக்கட்டும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘கன்ட்ரோல் பேனல்’ என்று தட்டச்சு செய்து திறங்கள். ‘சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘ஃபைல் ஹிஸ்டரி’. விண்டோஸ் 11-இல் ‘விண்டோஸ் பேக்கப்’ என்ற பெயரில் இன்னொரு செயலியும் கண்ணில் படும். அது உங்கள் கோப்புகளை இணையத்தில் ஒன்டிரைவுக்கு அனுப்புவது. இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டுமே. நாம் இப்போது தேடுவது அதுவன்று.

ஃபைல் ஹிஸ்டரி திறந்ததும் நடுவில் இரண்டு வரிகள் தெரியும். எங்கிருந்து நகலெடுக்கிறது என்பது ஒன்று, எங்கே நகலெடுக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது வரியில் ‘வீட்டுப் பேக்கப்’ டிஸ்க்கின் பெயர் வந்திருக்க வேண்டும். வேறு ஏதாவது இருந்தால், இடப்பக்கம் உள்ள ‘செலக்ட் டிரைவ்’ மூலம் மாற்றுங்கள். ‘டர்ன் ஆன்’ பொத்தானை உடனே அழுத்த வேண்டாம். முதலில் அமைப்புகளைப் பார்த்துவிடுவோம்.

இடப்பக்கம் ‘எக்ஸ்க்ளூட் ஃபோல்டர்ஸ்’ என்பது விலக்க வேண்டிய கோப்புறைகளுக்கானது. மறுபடி எளிதாகக் கிடைக்கக்கூடியவற்றை மட்டும் இங்கே சேருங்கள். படங்கள், பாடல்கள் எல்லாம் ஒரே கோப்புறையில் கலந்து கிடந்தால் எதையும் விலக்க வேண்டாம். இடம் மிச்சப்படுத்தப் போய்க் கல்யாண வீடியோவை விட்டுவிடுவோம்.

அடுத்தது ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’. இங்கே முக்கியமானவை இரண்டு.

முதலாவது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை நகலெடுக்க வேண்டும் என்பது. 10 நிமிடத்திலிருந்து நாளுக்கு ஒருமுறை வரை தேர்வுகள் உண்டு. தானாக அமைந்திருப்பது ஒரு மணி நேரம். அப்படியே விடுங்கள். மாறிய கோப்புகளை மட்டுமே அது எடுக்கும் என்பதால் முதல் தடவைக்குப் பிறகு வேலை குறைவு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் பழைய கணினி மூச்சுத் திணறும், வீட்டுக் கோப்புகளுக்கு அந்த வேகம் தேவையும் இல்லை.

இரண்டாவது, பழைய வடிவங்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பது. இதை நான் கட்டாயம் மாற்றச் சொல்வேன். தானாக அமைந்திருப்பது ‘ஃபாரெவர்’, அதாவது என்றென்றும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டிஸ்க் ஒரு நாள் நிரம்பும். நிரம்பினால் புதிய கோப்புகள் சேராது, திரையின் மூலையில் வரும் அறிவிப்பை நம்மில் பலர் படிக்காமலே மூடிவிடுவோம். ‘அன்டில் ஸ்பேஸ் இஸ் நீடட்’ என்று வையுங்கள். இடம் தேவைப்படும்போது மிகப் பழைய வடிவங்களை நீக்கிப் புதியவற்றுக்கு இடம் தரும்.

அதே திரையின் அடியில் ஃபைல் ஹிஸ்டரியின் நிகழ்வுப் பதிவைத் திறக்கும் இணைப்பு ஒன்று இருக்கிறது. ஏதாவது கோப்பு விடுபட்டால் காரணம் அங்கே தெரிய வாய்ப்பு உண்டு. தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு காரணம், பெயரின் நீளம். விண்டோஸில் ஒரு கோப்பின் முழுப் பாதைக்கும் 260 குறி என்ற பழைய வரம்பு ஒன்று இன்னும் பல இடங்களில் உண்டு. ‘கோயில்’ நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ஆறு குறி; க ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ய ஒன்று, இகரக் குறி ஒன்று, ல ஒன்று, புள்ளி ஒன்று. கோப்புறைக்குள் கோப்புறையாக நீளமான தமிழ்ப் பெயர்களை அடுக்கினால் அந்த எல்லையை விரைவில் தொட்டுவிடுவோம். தமிழில் பெயர் வைப்பதை விடாதீர்கள். பெயரைச் சுருக்கமாக வையுங்கள், போதும்.

இப்போது ‘சேவ் சேஞ்சஸ்’ கொடுத்து வெளியே வந்து ‘டர்ன் ஆன்’ அழுத்துங்கள். முதல் நகல் சில மணி நேரம் எடுக்கும். மின்சாரம் அடிக்கடி போகிற ஊராக இருந்தால், யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில் இதை மின்சாரம் நிலையாக இருக்கும் நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். மடிக்கணினியை மின் இணைப்பில் வைத்துவிட்டு விட்டுவிடலாம்.

திறந்து பாருங்கள்

இந்த இடத்தில்தான் நான் 2021-இல் கிளம்பிவிட்டேன். நீங்கள் கிளம்பாதீர்கள்.

டி டிரைவில் நீங்கள் லைப்ரரியில் சேர்த்த கோப்புறைக்குள் ‘சோதனை’ என்ற பெயரில் ஒரு சிறு கோப்பை உருவாக்கி, ஒரு வரி எழுதிச் சேமியுங்கள். ஃபைல் ஹிஸ்டரிக்குத் திரும்பி ‘ரன் நவ்’ என்ற இணைப்பை அழுத்துங்கள். முடிந்ததும், கடைசியாக எப்போது நகலெடுத்தது என்ற தேதியும் நேரமும் திரையில் மாறியிருக்கும்.

இனி வெளி டிஸ்க்கைத் திறங்கள். ‘ஃபைல் ஹிஸ்டரி’ என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் உங்கள் பயனர் பெயர், அதற்குள் கணினியின் பெயர், அதற்குள் ‘டேட்டா’. டேட்டாவைத் திறந்தால் சி என்று ஒரு கோப்புறை தெரியும். பக்கத்திலேயே டி என்று இன்னொன்று இருக்க வேண்டும். டி இல்லையென்றால், எத்தனை பச்சைக் குறி திரையில் இருந்தாலும் உங்கள் டி டிரைவுக்கு பேக்கப் இல்லை. லைப்ரரியில் சேர்க்கும் படிக்குத் திரும்பிப் போங்கள்.

டி இருந்தால் உள்ளே போய் ‘சோதனை’ கோப்பைத் தேடுங்கள். அதன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும். அந்த நகல் எடுக்கப்பட்ட நேரம் அது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குழம்ப வேண்டாம்; அது உலகப் பொதுநேரத்தில் எழுதப்படுவது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். இரவு 9 மணி 12 நிமிடத்துக்கு எடுத்த நகலில் 15_42 என்று இருக்கும்.

இந்த மென்பொருளை நான் இன்னும் பரிந்துரைப்பதற்குக் காரணமே இதுதான். உங்கள் கோப்புகளை அது தனக்கு மட்டும் புரிகிற ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பதில்லை. சாதாரணக் கோப்புகளாகவே வைக்கிறது. நாளை விண்டோஸ் இல்லாமல் போனாலும், மென்பொருளே இல்லாமல் போனாலும், அந்த டிஸ்க்கைப் படிக்கத் தெரிந்த எந்தக் கணினியிலும் செருகி உங்கள் கோப்பைக் கையால் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, டி டிரைவில் இருக்கும் அசல் ‘சோதனை’ கோப்பை அழித்துவிடுங்கள். ஃபைல் ஹிஸ்டரியின் இடப்பக்கம் ‘ரிஸ்டோர் பர்சனல் ஃபைல்ஸ்’ அழுத்துங்கள். ஒரு சாளரம் திறக்கும். கீழே இரண்டு பக்கமும் அம்புக்குறிகள், நடுவில் ஒரு வட்டப் பொத்தான். அம்புக்குறிகள் உங்களைக் காலத்தில் முன்னும் பின்னும் கொண்டுபோகும். உங்கள் கோப்புறையைத் திறந்து, ‘சோதனை’ கோப்பைத் தேர்ந்தெடுத்து, வட்டப் பொத்தானை அழுத்துங்கள். கோப்பு பழைய இடத்துக்கே திரும்பிவரும். வேறு இடத்தில் மீட்க விரும்பினால் அந்தப் பொத்தான் மீது வலது சொடுக்கு செய்து ‘ரிஸ்டோர் டு’ தேர்ந்தெடுக்கலாம். உண்மையான கோப்பை மீட்கும்போது நான் எப்போதும் வேறு இடத்திலேயே மீட்பேன். இப்போதுள்ள வடிவத்தை அவசரத்தில் மேலெழுதிவிடாமல், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அழிந்த கோப்பு கண்ணெதிரே திரும்பி வருவதை வீட்டில் இன்னொருவருக்கும் காட்டுங்கள். நீங்கள் வெளியூரில் இருக்கும் நாளில் அவர்தான் இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்

வேலை முடிந்ததும் டிஸ்க்கை ‘எஜெக்ட்’ கொடுத்துக் கழற்றி அலமாரியில் வையுங்கள். 2017 மே 12-இல் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்), கணினிக்குள் இருந்த கோப்புகளோடு, அந்த நேரத்தில் செருகியிருந்த வெளி டிஸ்க்குகளில் இருந்தவற்றையும் பூட்டிவிட்டது. பேக்கப் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருந்தவர்களுக்கு அசலும் நகலும் ஒரே நாளில் கைவிட்டுப் போயின. இடியும் மின்னலும் உள்ள நாளில் மின் அதிர்ச்சிக்கும் இதே கதைதான்.

வாரத்துக்கு ஒரு நாள் முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை. டிஸ்க்கைச் செருகி, ‘ரன் நவ்’ அழுத்தி, முடிந்ததும் கழற்றிவிடுகிறோம். ஒருவேளை அந்த வாரம் முழுக்க முக்கியமான வேலை செய்கிறீர்கள், தேர்வுக்கான ஆய்வேடு எழுதுகிறீர்கள் என்றால், அந்த நாட்களில் தினமும் செருகுங்கள். கைப்பேசியில் எடுத்த படங்களையும் அதே ஞாயிறன்று டி டிரைவில் லைப்ரரியில் சேர்ந்த கோப்புறைக்கு மாற்றிவிட்டால், அவையும் பேக்கப்பில் சேர்ந்துவிடும்.

டிஸ்க்கில் ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் ஸ்கேன்களாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்களிடம் விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால், ‘பிட்லாக்கர்’ கொண்டு வெளி டிஸ்க்குக்குக் கடவுச்சொல் பூட்டுப் போடலாம். ஹோம் பதிப்பில் அந்தப் பூட்டைத் திறக்க முடியும், புதிதாகப் போட முடியாது. பூட்டினால் கடவுச்சொல்லையும், அது தரும் மீட்புச் சாவி எண்ணையும் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அவை இரண்டும் தொலைந்தால் உங்கள் டிஸ்க்கை உங்களாலும் திறக்க முடியாது.

இரண்டாவது டிஸ்க், இன்னொரு வீட்டில்

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 என்ற முறை ஒன்று உண்டு. அசலையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். கடைசி எண்ணின் அருமை நமக்குத்தான் நன்றாகப் புரியும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் தரைத்தளத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, மேசையில் இருந்த கணினியும் அதே மேசையின் இழுப்பறையில் இருந்த டிஸ்க்கும் ஒன்றாகத்தான் நனைந்தன.

ஃபைல் ஹிஸ்டரி ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க்கை மட்டுமே கையாளும். இரண்டாவது டிஸ்க்குக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தாளில் எழுதிய அதே கோப்புறைகளை நகலெடுத்து அதில் ஒட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட புதுக் கோப்புறைக்குள் ஒட்டினால் பழையது கலையாது. பிறகு அதை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

இணையச் சேமிப்பை இதற்குப் பதிலாகப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூகுள் டிரைவில் இலவசமாக 15 ஜிபி கிடைக்கும். அதையே ஜிமெயிலும் புகைப்படங்களும் பகிர்ந்துகொள்ளும். சான்றிதழ்களுக்கும் பத்திரங்களுக்கும் அது போதும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் கணினியோடு ஒத்திசைந்த கோப்புறையில் ஒரு கோப்பை அழித்தால் இணையத்திலும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு போய்விடும். பேரன் தெரியாமல் அழித்த படம் ஆறு மாதம் கழித்துத்தான் நினைவுக்கு வரும் என்றால் அங்கே தேடிப் பயனில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபைல் ஹிஸ்டரி விண்டோஸையோ, நீங்கள் நிறுவிய மென்பொருள்களையோ எடுக்காது. கணினி பழுதானால் அவற்றைப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். ஒரு நாள் வேலை. மென்பொருள்களின் பெயர்களையும் அவற்றின் உரிம எண்களையும் ஒரு கோப்பில் எழுதி டாக்குமென்ட்ஸில் வைத்தால் அந்த ஒரு நாள் அரை நாளாகும். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள் கணினியை மாற்றுவதற்கோ விண்டோஸ் 11-க்குப் போவதற்கோ முன்னால், மேலே சொன்ன எல்லாவற்றையும் முடித்து, டிஸ்க்கில் டி கோப்புறையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பெரியப்பா இப்போது தன் டிஸ்க்கின் மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் பேக்கப் முடிந்ததும், வகுப்பு வருகைப் பதிவேட்டில் போடுவது போல, தேதியை எழுதிப் பக்கத்தில் ‘டி பார்த்தேன்’ என்று குறித்துக் கையெழுத்துப் போடுகிறார். இரண்டாவது டிஸ்க் மதுரையில் அத்தை வீட்டு மாடியில், பட்டுப்புடவைகள் வைத்திருக்கும் பீரோவில் இருக்கிறது. தைக்கும் சித்திரைக்கும் ஆடிக்கும் ஐப்பசிக்கும் அத்தை ஊருக்கு வரும்போது அதை எடுத்து வருவார். புதுக் கல்வெட்டுகள் சேர்ந்ததும் திரும்ப எடுத்துப் போவார்.